முதலில் சி.டி., பிறகுதான் டாப்ளர்

மறையூரில் டாப்ளர் கருவி ஒன்று வந்துவிட்டால் பக்கவாத நோயாளியை உடுமலைக்கு அலைக்கழிக்க வேண்டாம் என்கிறார் நண்பர். தப்பு. மூளைக்கான டாப்ளர் 1982இல் ரூன் ஆஸ்லிட் காட்டிய வழி: காதுக்கு முன்னாலுள்ள மெல்லிய எலும்பு வழியே ஒலியலை செலுத்தி மூளையின் ரத்த வேகத்தை அளப்பது. ஊசியில்லை, கதிர்வீச்சில்லை. ஆனால் வயதான பெண்கள் பலருக்கு அலை உள்ளேயே போகாது. அதைவிட முக்கியம், பக்கவாதத்துக்குக் காரணம் ரத்தக்குழாய் அடைப்பா ரத்தக் கசிவா என்று அது உறுதிசெய்யாது. கசிவுக்காரருக்குக் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றினால் உயிரே போகலாம். இரண்டையும் பிரித்தறிய சி.டி. ஸ்கேன்தான் வேண்டும்; அடைப்பு என்றால் அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் அந்த மருந்தை ஏற்ற வேண்டும். பெரிய ரத்தக்குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. அதனால் மறையூரில் கரும்பு வெட்டுகிறவருக்கு வாய் கோணி, கை தொங்கினால் சின்னாறு வழியே உடுமலைக்கு உடனே வண்டி கிளம்பட்டும். ஆஸ்பத்திரியில் சி.டி. ஓடுகிறதா என்று போகும்போதே போனில் கேளுங்கள்.