எடுத்த படத்தைக் கொடுத்துவிடுங்கள்!

பொழுதுபோக்குகளில் போட்டோ எடுப்பதற்கு ஒரு தனி விசேஷம் உண்டு. தபால் தலை சேர்ப்பவர் தம் ஆல்பத்தோடு திருப்தி அடைந்துவிடுகிறார். தோட்டம் போடுகிறவர் செடி கொடிகளோடு நின்றுவிடுகிறார். வீணை பழகுகிறவர் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தால் அண்டை வீட்டாருக்குக்கூடத் தொந்தரவு இல்லை. போட்டோப் பிரியர் மட்டும் பிறத்தியார் முகத்தையும், பிறத்தியார் வீட்டுக் கல்யாணத்தையும், பிறத்தியார் ஊர்க் குளத்தையும் எடுத்துக்கொண்டுதான் தம் ஆசையைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தொழிலுக்காக எடுக்கிறவர் பணத்தை வாங்கிக்கொள்கிறார், படத்தைக் கொடுத்துவிடுகிறார். கணக்கு அத்தோடு தீர்ந்தது. ஆசைக்கு எடுக்கிற நம் போன்றவர்கள் விஷயத்தில் கணக்கு தீருவதே இல்லை. எடுத்தது நம்மிடமே தங்கிவிடுகிறது. இந்தப் பாக்கியைத் தீர்த்தாக வேண்டும் என்பது என் கட்சி. லென்ஸ், ஒளி, கோணம் என்று இந்தக் கலையைப் பற்றி எவ்வளவோ பேசலாம். அவை எல்லாவற்றுக்கும் முந்தின தர்மம், எடுத்த படத்தை உரியவரிடம் சேர்ப்பதுதான்.

பிலிம் இருந்த நாளில் இந்தத் தர்மம் தானாகவே நடந்துவந்தது. நடுத்தரக் குடும்பத்தார் பலர் ஆசையோடு வாங்கி வைத்திருந்த அக்பா கிளிக் காமிராவில் ஒரு சுருளுக்கு 12 படம். உதகமண்டலத்தில் 1960-ல் ஏற்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' பிலிம் கடைகளுக்கு வந்த பிறகும் விசையை எண்ணி எண்ணித்தான் அமுக்க வேண்டியிருந்தது. படம் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்கவே அதைக் காகிதத்தில் அச்சிட்டாக வேண்டும். அச்சிடுகிறபோது கூட ஒரு பிரதி போடச் சொல்வது பெரிய காரியமல்ல. ஆகவே படத்தில் நின்றவர் கைக்கும் ஒன்று போய்ச் சேர்ந்தது.

அந்த ஆலை இப்போது மூடிவிட்டது. டிஜிட்டல் காமிரா வந்து, பிறகு செல்போனே காமிராவாகிவிட்டது. ஒரு காலைப் பொழுதில் ஐந்நூறு படம் எடுக்கிறோம். எடுத்த இடத்திலேயே சின்னத் திரையில் பார்த்து மகிழ்கிறோம். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் கொட்டுகிறோம். அங்கே அவை சுகமாக உறங்குகின்றன. படம் பெருகிற்று, படம் பெறுகிறவர் குறைந்துபோனார்.

சிகாகோ நகரில் விவியன் மேயர் என்று ஓர் அம்மாள் இருந்தார். வசதியுள்ளவர் வீடுகளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவருடைய உத்தியோகம். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் காமிராவை மாட்டிக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றினார். எடுத்ததை அநேகமாக யாருக்கும் காட்டவில்லை. 2007-ல் வாடகை பாக்கிக்காக அவருடைய பெட்டிகள் ஏலத்துக்கு வந்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. அவர் எடுத்த நெகடிவ்கள் லட்சத்துக்கு மேல்! கழுவாமலே விட்ட பிலிம் சுருள்கள் வேறு. 2009-ல் அவர் காலமானார். இன்று உலகம் அவரை மேதை என்று கொண்டாடுகிறது, கொண்டாட வேண்டியதுதான். ஆனால், அந்தப் படங்களில் முகம் காட்டிய எத்தனையோ பேர் தங்கள் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

திண்ணையில் ஒரு முகம்

கிராமத்தில் ஒரு பெரியவர் காலமாகிவிட்டால், அழுகை சற்று ஓய்ந்ததும் வீட்டார் தேடுவது ஒரு போட்டோவை. பதினாறாம் நாள் காரியத்துக்குள் மாலை போட ஒரு படம் வேண்டும். ரேஷன் கார்டைப் புரட்டுவார்கள். ஆதார் அட்டையில் இருப்பதைப் பார்த்தால் பெற்ற பிள்ளைக்கே அடையாளம் தெரியாது. கடைசியில், பேத்தி கல்யாணத்தில் எடுத்த கும்பல் படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டி, ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்குவார்கள். ஆயுள் முழுவதும் துண்டைத் தவிர மேலே ஒன்றும் அணிந்தறியாத மனிதருக்கு அங்கே கோட்டும் டையும் மாட்டிவிடுவார்கள். கூடத்தில் தொங்குகிற அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பேரப் பிள்ளைகள் தாத்தாவை அறிந்துகொள்ள வேண்டும்.

"சார், போன பொங்கலுக்கு எங்க அப்பாவைப் படம் பிடிச்சீங்களே, அது இருக்குங்களா?" என்று கேட்டுக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தவர்கள் உண்டு. படத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போகிறவரைப் பார்த்தவர்களுக்கு, போட்டிப் பரிசு என்பது எவ்வளவு சின்ன விஷயம் என்று விளங்கிவிடும்.

ஆனால் நம் போட்டோப் பிரியர்களுக்குப் பரிசின் மேல்தான் கண். சுருக்கம் விழுந்த பாட்டி முகம், வலை உலர்த்தும் மீனவர், சுருட்டுப் புகைக்கும் கிழவர் - இவையெல்லாம் 'முதுமை', 'உழைப்பு' என்று தலைப்பு ஏந்திக் கண்காட்சிகளில் தொங்குகின்றன. எடுத்தவர் பெயர் கீழே இருக்கும். எடுக்கப்பட்டவர் பெயரை எடுத்தவரே கேட்டிருக்க மாட்டார். அந்தப் பாட்டி தன் படத்தைப் பார்த்திருப்பாளா? பெரும்பாலும் இல்லை.

வயதானவர்களைப் படம் எடுக்கும்போது ஒரு வேடிக்கை நடக்கும். 'இருங்க, வரேன்' என்று உள்ளே போய்விடுவார்கள். முகம் கழுவி, தலை வாரி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, மடித்து வைத்திருந்த புடவையை உடுத்திக்கொண்டு வருவார்கள். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து, சிலை மாதிரி விறைத்துப் பார்ப்பார்கள். நம்மவருக்கு ஒரே ஏமாற்றம்! 'இயல்பு போய்விட்டதே' என்று அலுத்துக்கொள்வார். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. அந்த விறைப்பு அவர்கள் தங்களுக்குத் தாங்களே செய்துகொள்ளும் மரியாதை. தாம் இன்ன விதமாக நினைக்கப்பட வேண்டும் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. முதலில் அவர்கள் விரும்புகிறபடி ஒன்று எடுங்கள். பிறகு பேச்சுக் கொடுத்துக்கொண்டே உங்கள் ஆசைக்கு ஒன்று எடுங்கள். அச்சிட்டுக் கொடுக்கும்போது முதலாவதைக் கொடுங்கள்.

கீழத் தஞ்சைப் பக்கத்தில் ஓர் அம்மாளுக்கு அவருடைய படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெகு நேரம் பார்த்தார். 'எங்க ஆத்தா மாதிரியே இருக்கேனே!' என்றார். அவருடைய தாயாருக்குப் படமே கிடையாதாம். தாயின் முகத்தை மகள் தன் படத்திலிருந்து தெரிந்துகொண்டாள்.

கொடுக்கிற முகம் அவர்களுடைய முகமாகவே இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். கறுத்த மேனியைக் காமிரா சரியாகப் பிடிக்காது என்று சிலர் குறை சொல்கிறார்கள். அது மேனியின் குறையல்ல. மேல்நாட்டுப் பிலிம் கம்பெனிகள் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் படத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டே பல ஆண்டுகள் வர்ணங்களைச் சரிபார்த்துவந்தன. நம்மவர் முகத்துக்கு வேண்டியது கொஞ்சம் கவனம்தான். உச்சி வெயிலை விட்டு, வானம் பார்த்த திண்ணையின் நிழலில் உட்காரவைத்து, வெள்ளை வேஷ்டியை மறந்து முகத்துக்கு ஒளியை அளந்தால் போதும். பிறகு கம்ப்யூட்டரில் மாவு பூசி வெளுக்கச் செய்வது, வேறு யாருடைய படத்தையோ கொண்டுபோய்க் கொடுப்பதற்குச் சமானம்.

கல்யாண வீட்டில்

இப்போது கல்யாணங்களில் மாப்பிள்ளை தாலி கட்டுவதை மணமேடையைச் சுற்றி நிற்கும் காமிராக்காரர்களின் முதுகைத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முன்னூறு மைல் பயணம் செய்து அட்சதையோடு காத்திருக்கும் பெரியப்பா அந்த முதுகுகளின்மேல் அட்சதையைப் போட்டுவிட்டு உட்காருகிறார். 'இன்னொரு தரம் மாலை மாற்றுங்கள்' என்று மணமக்களை ஆட்டிவைப்பதும் சகஜமாகிவிட்டது. முகூர்த்தம் காமிராவுக்காகக் காத்திருக்குமா என்று கேட்கவும் ஆள் இல்லை.

தொழில்காரரைச் சொல்லிப் பயன் இல்லை. வீட்டார் கேட்கிறபடி அவர் செய்கிறார். ஆசைக்கு எடுக்கிறவர் அவரோடு போட்டி போட்டுக்கொண்டு அங்கே முண்டியடிக்க வேண்டிய அவசியம் என்ன? அவர் போகாத இடம் எவ்வளவோ இருக்கிறது. கோட்டை அடுப்பின் முன்னால் வியர்வையோடு நிற்கும் தவசிப்பிள்ளை. சீவாளியைச் சரிசெய்யும் நாகஸ்வரக்காரர். மூலையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கும் விதவை அத்தை. நாலு பெண்ணைக் கரையேற்றிவிட்டு ஐந்தாவது பெண்ணின் கல்யாணத்தன்று தூணில் சாய்ந்து கண் அயரும் தகப்பனார். ஆல்பத்தில் இவர்களுக்கு இடம் இருப்பதில்லை. பத்து வருஷம் கழித்து அந்த வீட்டார் ஏங்கித் தேடப்போவது இவர்கள் முகத்தைத்தான்.

மூன்று பேர் சேர்ந்து படத்தில் நின்றால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று சொல்கிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு வாதம் செய்ய வேண்டாம். நாலாவதாக ஒருவரைக் கூப்பிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். வேண்டாம் என்கிறவரை விட்டுவிடுங்கள்.

குளமும் கோபுரமும்

இயற்கைக் காட்சியை எடுக்கிறவருக்குக் கடன் ஏது என்று கேட்கலாம். மலையும் குளமும் படத்தைக் கேட்டு வரப்போவதில்லையே! உண்மைதான். ஆனால் அவற்றுக்கும் ஊர் என்று ஒன்று இருக்கிறது.

லின்னேயஸ் டிரைப் என்பவர் கம்பெனிச் சேனையில் அதிகாரி. ஆசைக்காகப் போட்டோ பழகியவர். பிற்பாடு சென்னை ராஜதானி சர்க்கார் அவரையே போட்டோகிராபராக நியமித்தது. 1858-ல் அவர் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்தார். விமானத்தின் அழகை எடுத்ததோடு நிற்கவில்லை. அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுக்களை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார். கல்லில் உள்ள எழுத்தைக் கல் இருக்கும் இடத்துக்குப் போகாமலே பார்க்கலாம் என்று ஆயிற்று.

நம் காலத்தில் மா. கிருஷ்ணன் இருந்தார். அ. மாதவையாவின் புதல்வர். காட்டு மிருகங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். கண்டதையும் எடுத்ததையும் வீட்டில் பூட்டி வைக்காமல், 1950 முதல் 1996-ல் மறையும் வரையில் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் ஓயாமல் எழுதி, ஊராருக்குக் கொடுத்தார்.

1964 டிசம்பரில் அடித்த புயல் தனுஷ்கோடியை ஓர் இரவில் அழித்துவிட்டது. அதற்கு முன் அங்கே ரயிலடி இருந்தது, தபாலாபீஸ் இருந்தது, கடைத்தெரு இருந்தது என்று இளைஞர்களுக்குக் காட்டுவதற்குப் பழைய படங்களே கதி. எல்லா ஊரும் புயலில் போவதில்லை. ஆனால் ஏரி பிளாட்டாகிறது; புளியஞ்சாலை நாலு வழிச் சாலையாகிறது. 2018-ல் குறிஞ்சி பூத்தபோது மலைக்குப் படையெடுத்த காமிராக்களுக்குக் கணக்கில்லை. 2030-ல் மறுபடியும் போகட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. தம் ஊர்க் குளம் நிரம்பிக் கிடந்ததை எடுத்துவைத்தவர் எத்தனை பேர்? அந்தப் படத்தில் இடமும் தேதியும் எழுதி, ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கோ நூலகத்துக்கோ கொடுத்தால், பின்னால் குளம் இருந்ததா இல்லையா என்று வழக்கு வருகிறபோதுகூட உதவும்.

வாட்ஸ்அப் போதாதா?

'அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேனே!' என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். அனுப்பினது சரி. அது காலை வணக்கங்களுக்கும் ரோஜாப் பூக்களுக்கும் அடியில் புதைந்துபோகிறது. செல்போன் தண்ணீரில் விழுந்தால் எல்லாம் போயிற்று. தவிரவும், யாருக்கு அவசரமாகப் படம் வேண்டுமோ அந்தக் கிழவருக்குச் செல்போனில் படம் பார்க்கத் தெரியாது; கண்ணும் தெரியாது.

காகிதப் படத்துக்கும் கரையான் உண்டு, பூஞ்சக்காளான் உண்டு. மழைக்காலத்தில் ஆல்பத்தோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஆனாலும் நம் தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படங்கள் எண்பது, தொண்ணூறு வருஷம் தாங்கியிருக்கின்றன. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். வீடுகளிலும் கடைகளிலும் காகிதமாகவும் கண்ணாடி நெகடிவாகவும் கிடந்ததால்தான் அது சாத்தியமாயிற்று.

போட்டோப் பிரியர்களுக்கு என் யோசனை இதுதான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காமிராவுக்கு விடுமுறை கொடுங்கள். அதுவரை எடுத்ததில் பத்துப் படங்களைப் பொறுக்கி அச்சிடுங்கள். ஒரு படத்துக்கு ஒரு டம்ளர் காப்பிக்கு ஆகிற செலவுதான். பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் பெயர், ஊர், தேதி மூன்றையும் எழுதுங்கள். பேனா மை நாளடைவில் முன்பக்கம் ஊறிவிடும். தபாலில் அனுப்பாமல், முடிந்தால் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்கள் ஒரு தம்ளர் மோர் கொடுப்பார்கள். குடித்துவிட்டு, அடுத்த படத்துக்கு அனுமதி கேட்டுக்கொண்டு வாருங்கள்.