ஏழாவது தந்தி கேட்கிறதா?

நம் கோகர்ணேசுவரர் கோயிலின் குடைவரைப் பகுதியில் ‘பரிவாதினி’ என்று ஒரு சொல் கிரந்த எழுத்தில் பாறையில் வெட்டப்பட்டிருக்கிறது. பிரகதாம்பாளைக் கும்பிட்டுவிட்டு அவசரமாகத் திரும்புகிறவர்கள் கண்ணில் அது பட்டிருக்காது. எனக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் பட்டது. பரிவாதினி என்றால் ஏழு தந்தி உள்ள வீணை என்று அமரகோசம் சொல்கிறது. இங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் குடுமியான்மலை. அங்கே உள்ள பெரிய இசைக் கல்வெட்டின் கடைசியில், மேலே வெட்டியிருப்பவை எட்டுக்கும் ஏழுக்கும் பொருந்தும் என்று தமிழில் ஒரு குறிப்பு இருக்கிறது. அது எட்டுத் தந்தி, ஏழு தந்தி வாத்தியங்களைச் சொல்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் சிலர் பொருள் கொள்கிறார்கள்.

இதையெல்லாம் இப்போது சொல்லக் காரணம், போன வருடம் என் பேரன் ஒரு ஏழு தந்தி எலக்ட்ரிக் கிட்டாரோடு வீட்டுக்குள் நுழைந்ததுதான். சென்னையில் யாரிடமோ பழசாக வாங்கியது. மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறான், ஞாயிற்றுக்கிழமை நண்பன் கூப்பிட்டால் சர்ச்சில் வாசிக்கிறான், திருச்சியில் நாலு பையன்களோடு சேர்ந்து ‘மெட்டல்’ என்று ஒன்று வாசிக்கிறான். மூன்றுக்கும் இந்த ஒரே கிட்டார்.

பங்குனியில் பக்கத்து ஊர்த் திருவிழாக் கச்சேரிக்கு நானும் போயிருந்தேன். பழைய பாட்டு ஒன்றுக்கு இவன் கீழ்த் தந்தியில் கை வைத்தான். ஸ்வரம் வரவில்லை. பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி ‘பொம்’ என்று ஒரு சத்தம். கீபோர்டு, தபேலா எல்லாம் அதில் முழுகிப் போயின. கச்சேரி முடிந்ததும் குழுவின் தலைவர், “தம்பி, அடுத்த தடவை சாதா ஆறு கம்பி கிட்டாரையே எடுத்துட்டு வா, இது வேணாம்” என்றார். பையன் முகம் செத்துவிட்டது. வண்டியில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலையில் ஒரு தீர்மானத்தோடு எழுந்தான். பிக்கப் சரியில்லை, கடையில் கிடைப்பதிலேயே பவர் அதிகமுள்ள ஜோடியை வாங்கிப் போடப்போகிறேன் என்றான். விலையைக் கேட்டேன். கிட்டார் விலையில் பாதி.

நான் கிட்டார் வாசித்தவன் இல்லை. ஆனால் தொலைபேசித் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் ரிசீவரைக் கழற்றி மாட்டியவன். பழைய கறுப்பு போனின் காது பக்கத்தைத் திறந்தால் உள்ளே ஒரு நிலைக்காந்தம், அதைச் சுற்றி மயிரிழைச் செப்புக் கம்பி, எதிரே ஒரு மெல்லிய இரும்புத் தகடு. கம்பியில் மின்சாரம் மாறினால் தகடு அதிரும். கிட்டார் பிக்கப் இதன் மறுபக்கம்தான். இரும்புத் தந்தி அதிர்கிறது, காந்தப்புலம் அசைகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அதனால்தான் இந்த விஷயத்தில் வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வந்தது.

என் கட்சி இது: ஏழு தந்திக் கிட்டாரில் எல்லாப் பாட்டும் வாசிக்க வேண்டும் என்கிறவன் பவர் அதிகமுள்ள பிக்கப்பை வாங்கக் கூடாது. நடுத்தரமானதைத்தான் வாங்க வேண்டும். பவர் என்பது பெரும்பாலும் சுற்றுகளின் எண்ணிக்கையும் காந்தத்தின் வலுவும். சுற்று கூடினால் வோல்டேஜ் கூடும், உண்மை. கூடவே சுருளின் இண்டக்டன்ஸும் கூடும், மேல் அதிர்வெண்கள் மழுங்கும். தடித்த தந்தியில் ஒரு ஸ்வரத்தை இன்ன ஸ்வரம் என்று காதுக்குக் காட்டிக் கொடுப்பதே அந்த மேல் அதிர்வுகள்தான். அவற்றை வெட்டிவிட்டால் மிச்சம் பானைச் சத்தம். மெல்லிய தந்திகள் இதைத் தாங்கிக்கொள்ளும். ஏழாவது தாங்காது.

“இது உங்க காலத்து வீணை இல்ல தாத்தா, மெட்டலுக்கு பவர் வேணும்” என்றான். வேண்டியதை பெடல் கொடுக்காதா? ஆம்ப்ளிஃபயர் கொடுக்காதா? டிஸ்டார்ஷனை வெளியிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம். பிக்கப்பே உருட்டித் திரட்டி அனுப்பிய சத்தத்திலிருந்து தெளிவை எந்தப் பெடலாலும் பிரித்தெடுக்க முடியாது. சாம்பாரில் உப்பு கூடின கதைதான்.

ஏழு தந்தி கிட்டார் மெட்டலுக்காகப் பிறந்தது என்று இந்தப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜார்ஜ் வான் எப்ஸ் என்ற ஜாஸ் கலைஞர் 1930களிலேயே ஏழு தந்தி வைத்து, கீழ்ப் பகுதியையும் பாட்டையும் ஒரே கையில் வாசித்தவர். 1990இல் ஸ்டீவ் வாய்க்காக ஐபனீஸ் வெளியிட்ட ‘யுனிவர்ஸ்’ மாடலில்கூட இரண்டு ஹம்பக்கர், நடுவே ஒரு சிங்கிள் காயில், ஐந்து நிலை ஸ்விட்ச் என்று பல குரலுக்கு வழி வைத்திருந்தார்கள். நம் பக்கத்தில் மாண்டலின் ஸ்ரீனிவாஸ் எட்டுத் தந்தி மாண்டலினை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைத் தந்தி எலக்ட்ரிக் மாண்டலினை எடுத்தாரே, அதில் கமகம் எவ்வளவு துல்லியமாகக் கேட்டது! பிக்கப் அங்கே முரட்டுத்தனத்துக்காக இல்லை, தந்தியின் சின்ன அசைவையும் விடாமல் பிடிப்பதற்காக.

அடுத்து இரைச்சல். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஏழாவது தந்தி வழக்கமான சுருதியில் ஏறக்குறைய 62 ஹெர்ட்ஸ், ஆறாவது 82. சீரியல் பல்பும் ஜெனரேட்டரும் ஓடுகிற திருவிழா மேடையில் சிங்கிள் காயில் பிக்கப் ‘ஊம்ம்’ என்று இரையும். அந்த இரைச்சலை ஈக்வலைசரில் குறைக்கப் போனால், பக்கத்திலேயே இருக்கிற ஏழாவது தந்தியின் அடிநாதமும் சேர்ந்து போய்விடும். ஆகவே ஹம்பக்கர்தான். இரண்டு சுருள், எதிரெதிர்ச் சுற்று, எதிரெதிர்க் காந்த முகம். இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், தந்தியின் ஓசை கூடிக்கொள்ளும். கிப்சன் கம்பெனியில் சேத் லவர் 1955இல் செய்தது. எத்தனை எளிய யோசனை! டெலிபோன் லைனில் இரண்டு கம்பியை முறுக்கி இழுப்பதும் இதே குடும்பம்தான்.

மெல்லிசைக்கு மெல்லிய குரல் வேண்டுமே என்றால், நான்கு ஒயர் வெளியே வரும் ஹம்பக்கராகப் பார்த்து வாங்க வேண்டும். பலர் அதில் ஒரு சுருளை அணைத்து மற்றதை மட்டும் வைத்துக்கொள்வார்கள். அணைத்த உடனே பழைய இரைச்சல் திரும்பி வந்துவிடும், சத்தமும் விழுந்துவிடும். இரண்டு சுருளையும் பேரலலாக இணைப்பதே எனக்குப் பிடித்தது. குரல் மெலிகிறது, இரைச்சல் வருவதில்லை. இழுத்தால் மாறுகிற வால்யூம் குமிழ் ஒன்று போதும்.

பேட்டரி போட்ட ஆக்டிவ் பிக்கப் பற்றியும் கேட்டான். அதைக் குறை சொல்ல மாட்டேன். இரைச்சல் குறைவு, நீளமான ஒயரிலும் மேல்ஸ்தாயி தேயாது. ஆனால் குரல் பெரும்பாலும் ஒன்றுதான். ஜாக்கைப் பிடுங்க மறந்தால் 9 வோல்ட் பேட்டரி காலி, கிராமத்துத் திருவிழாவில் ராத்திரி பத்து மணிக்கு அதற்கு எங்கே போவது? இன்னொன்று, ஆக்டிவ் பெட்டியின் வடிவமும் சாதாரண ஏழு தந்தி ஹம்பக்கரின் வடிவமும் வேறு. மரத்தில் வெட்டிய குழியை ஸ்கேல் வைத்து அளக்காமல் பணம் கட்டினால் பிறகு உளியைத் தூக்க வேண்டியதுதான்.

வாங்குவதற்கு முன் காசில்லாத வைத்தியம் ஒன்றைச் செய்து பார்ப்போம் என்றேன். ஸ்க்ரூடிரைவரால் பிக்கப்பை இறக்கினோம். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, ஏழாவது தந்திக்கும் பிக்கப்புக்கும் சுமார் 3 மில்லிமீட்டர், முதல் தந்திப் பக்கம் 2. முன்பு கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டிருந்தது. காந்தம் மிக அருகில் இருந்தால் தந்தியையே பிடித்து இழுக்கும், சுருதி அலையும். தந்தியையும் பார்த்தோம், தொளதொளவென்று தொங்கியது. ஒரு படி தடித்ததாக மாற்றினோம். தந்தியே தளர்ந்திருந்தால் எந்த பிக்கப்பும் காப்பாற்றாது. பாதி நோய் அன்றைக்கே தீர்ந்தது. பையனுக்கு அதுவே ஆச்சரியம். பழைய பிக்கப்பை வைத்துக்கொண்டே ஒரு மாதம் ஓட்டினான்.

பிறகு வாங்கினோம். சீமோர் டங்கன் கம்பெனியில் ஏழு தந்திக்கென்றே ‘நாஸ்குல்’ என்று ஒன்று உண்டு, செராமிக் காந்தம், படு முரடு. பையனின் கண் அதன் மேல்தான். நான் பிடிவாதமாக, பாலத்தின் பக்கம் ‘பெகாசஸ்’, கழுத்தின் பக்கம் ‘சென்டியன்ட்’ என்றேன். இரண்டும் அல்நிகோ 5 காந்தம், நடுத்தரம். பற்றவைத்தது நான்தான். கை நடுங்கியது, இரண்டு தடவை ஈயம் சிதறியது, மூன்றாவது தடவை சரியாக வந்தது.

ஊதுகிற டிஸ்டார்ஷன் இல்லாமல், ஏழாவது தந்தியை அடிநாதமாக விட்டு மேலே ஒரு கார்ட் பிடித்தான். ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்டது. நான் சொல்கிற சோதனை அவ்வளவுதான். கடையிலும் முதலில் இதைச் செய்யுங்கள், டிஸ்டார்ஷனைப் பிறகு திருகுங்கள். கடைக்காரர்கள் நேர்மாறாக ஆரம்பிப்பார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் திருச்சிப் பையன்களோடு வாசிக்கும்போது பழையதில் இருந்த ‘கடி’ இதில் கொஞ்சம் குறைவு என்கிறான். இருக்கலாம். எனக்கு அந்த சங்கீதத்தில் கடி எது, சத்தம் எது என்று இன்னும் பிடிபடவில்லை. ஆனால் ஆடி மாதக் கச்சேரிக்கு இந்தக் கிட்டாரையே எடுத்துப் போனான். குழுவின் தலைவர் ஆறு கம்பிக் கிட்டாரைப் பற்றிக் கேட்கவில்லை. நடுவில் ஒரு பாட்டுக்கு பேஸ் வாசிப்பவர் வரத் தாமதமாக, கீழ்த் தந்தியில் அதையும் இவனே வாசித்துச் சமாளித்திருக்கிறான்.

கழற்றிய பழைய ஜோடி என் மேஜை இழுப்பறையில், ஒரு கறுப்பு ரிசீவருக்குப் பக்கத்தில் கிடக்கிறது. வேண்டுகிறவர்கள் எடுத்துப் போகலாம். குழியை அளந்துகொண்டு வாருங்கள்.