சொறி நாயும் எஞ்சின் ஆயிலும்

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் லாரி ஷெட் இருக்கற ஏதாவது தெருவுல போய் நில்லுங்க மக்களே. முடி கொட்டி, தோல் சிவந்து, சொறிஞ்சுக்கிட்டே ஒரு நாய் வரும். யாராவது ஒருத்தர் கண்டிப்பா சொல்லுவார்: "பழைய எஞ்சின் ஆயில் ஊத்து, சரியாப் போயிடும்." கண்டெய்னர் லாரி ஓடற ஊர்ல ஆயிலுக்கா பஞ்சம்? காசும் கிடையாது.

இந்த வைத்தியத்தைத் திட்டத்தான் இந்தப் பதிவு. ஊத்தறவங்களை இல்லை. கல்லெடுத்து அடிக்கறவன் ஆயில் ஊத்த மாட்டான். பாவம்னு நினைக்கறவன்தான் ஊத்தறான். அதனாலதான் அவன்கிட்ட பேசிப் பாக்கலாம்னு தோணுது.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் பரவுச்சே, ஞாபகம் இருக்கா? படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. கூழைக்கடா இறக்கையெல்லாம் எண்ணெய். அரிப்பு, கண் எரிச்சல்னு ஜனங்க கதறினாங்க. அன்னைக்கு யாராவது "நல்லதுதான், தோலுக்கு மருந்து"ன்னு சொன்னோமா? அது வேற எண்ணெய், இது வேறங்கறீங்களா? சரிதான். எஞ்சின்ல ஓடிக் கழிஞ்ச ஆயில்ல எரிஞ்ச கசடும் உலோகத் துகளும் கூடவே இருக்கும். நாய் அதை நக்கும். நக்காம இருக்க அதுக்குத் தெரியாது. உள்ள போனா வயிறு, ஈரல் கெடும். மூச்சுக்குழாய்ல இறங்கினா நிமோனியா.

"ஆயில் ஊத்தி சரியான நாயை நானே பாத்திருக்கேன்" என்பார்கள். பாத்திருப்பீங்க. குட்டி நாய்க்கு அங்கங்கே வட்டமா முடி கொட்டற ஒரு வகைச் சொறி பெரும்பாலும் தானாவே ஆறிடும். பேரை ஆயில் வாங்கிக்குது. செத்த நாய் வந்து சாட்சி சொல்லாது இல்லையா?

அதைவிடப் பெரிய தப்பு, சொறியற நாயெல்லாம் 'சொறி நாய்'னு முடிவு கட்டறது. பாதி நேரம் அது அலர்ஜியா இருக்கலாம். அலர்ஜி யாருக்கும் தொத்தாது, விரட்ட வேண்டியதில்லை.

வால் அடியிலும் முதுகின் பின்பக்கமும் கடிச்சுக் கடிச்சு முடி போச்சா? தெள்ளுப்பூச்சி எச்சில் அலர்ஜியைச் சந்தேகப்படுங்க. நாலு பூச்சி கடிச்சாலே போதும். பாதத்தை நக்கிக்கிட்டே இருக்கு, காது அடிக்கடி சீழ் பிடிக்குது, அக்குள் சிவக்குதுன்னா தூசி, மகரந்தம், சாப்பாடு இதுல ஏதாவது ஒத்துக்கலைன்னு அர்த்தம். காது ஓரமும் முழங்கையும் பொருக்குத் தட்டி, தூங்கவிடாம அரிச்சா அது உண்ணிச் சொறியா இருக்கலாம். அது தொத்தும். தொட்டுப் பழகறவங்களுக்கும் கொஞ்ச நாள் அரிக்கும். எதுன்னு டாக்டர் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்ல பாத்துத்தான் சொல்லணும். நீங்களும் நானும் டீக்கடையில நின்னு சொல்ல முடியாது.

இன்னொரு வகை இருக்கு, அதுல நேரமே கிடையாது. குளவியோ தேனீயோ கொட்டினதும், சில சமயம் தடுப்பூசி போட்டதும், மூஞ்சி வீங்கும், உடம்பெல்லாம் தடிப்பு எழும்பும். அதோட திடீர்னு வாந்தி, பேதி, ஈறு வெளுத்துப் போறது, தள்ளாடி விழறதுன்னா மஞ்சள் அரைச்சுக்கிட்டு நிக்காதீங்க. அட்ரினலின் ஊசியும் டிரிப்ஸும்தான் காப்பாத்தும். ஆட்டோ பிடிங்க.

அடுத்தது மெடிக்கல் ஷாப் வைத்தியம். செட்ரிசின் டாக்டர்களும் நாய்க்குக் கொடுப்பாங்க, ஆனா எடை பாத்து. சளி மாத்திரைன்னு பாரசிட்டமால் கலந்ததைப் போட்டா ஈரல் போயிடும். ஸ்டீராய்டு அரிப்பை உடனே அடக்கும்; உள்ள உண்ணி இருந்தா அதையே வளர்த்து விடும். மாட்டுக்குப் போடற ஐவர்மெக்டினை அளவு தெரியாம ஊத்தறதும் விளையாட்டில்லை.

ஏற்கெனவே யாராவது ஆயில் ஊத்தியிருந்தா? பாத்திரம் தேய்க்கற சோப்புத் திரவமும் வெதுவெதுப்பான தண்ணியும் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவுங்க. மண்ணெண்ணெய், பெட்ரோல் வேண்டவே வேண்டாம். வாந்தி எடுக்க வைக்காதீங்க. நக்க விடாம டாக்டர்கிட்ட கொண்டு போங்க.

"தெரு நாய்க்கு யார் சார் செலவு பண்றது?" நியாயமான கேள்வி. எண்ணூர்லேருந்து வேப்பேரிக்கு ஒரு நாயைத் தூக்கிட்டுப் போறது லேசு இல்ல, எந்த ஆட்டோவும் சுலபமா ஏத்தாது. ஆனா 1903-ல ஆரம்பிச்ச கால்நடை மருத்துவக் கல்லூரி அங்க இருக்கு, ராயபுரத்துக்காரங்களுக்குப் பக்கம்தான். நாயைத் தூக்க முடியலைன்னா படம் எடுத்துக்கிட்டுப் போய் ஒரு கால்நடை டாக்டரைக் கேளுங்க. உண்ணிச் சொறின்னு அவர் சொன்னா, எடைக்கேத்த மாத்திரையைச் சோத்துல கலந்தே கொடுக்கலாம். தெருவுல நாலு பேர் டீக்காசு போட்டா முடியற வேலை.

அதுவும் முடியலையா? ஒண்ணும் பண்ணாதீங்க. சோறும் தண்ணியும் வைங்க. ஒண்ணும் பண்ணாம விடறது ஆயில் ஊத்தறதைவிட ஆயிரம் மடங்கு நல்ல வைத்தியம்.

டிஸ்கி: "எங்க தாத்தா காலத்துலேருந்து ஊத்தறோம்" என்று சொல்ல வருகிறவர்களுக்கு: முதல்ல ஒரு சொட்டு உங்க கையில தடவி நக்கிப் பாத்துட்டு வாங்க. :-)