வெண்மை வெறுமையன்று

சென்ற ஆண்டு வாணி விழாவின்போது நம் கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவர்கள் யாவரும் ஒரே நிறச் சேர்ட் அணிந்து தொண்டாற்ற விரும்பினர். கருநீல நிறத்தில் 60 ரீ-சேர்ட்டுகள். நெஞ்சில் ஒரு வீணையும் அதனைத் தாங்கும் வெண்டாமரையும். இதுவே அவர்கள் திட்டம். சித்திரத்திற் கைதேர்ந்த மாணவன் ஒருவன் படத்தைக் கணினியில் வரைந்து, வெள்ளைத்தாளில் அச்சிட்டு எம்மிடம் கொணர்ந்தான். நாம் மூக்குக்கண்ணாடியை அணிந்து, எழுத்துப்பிழை உண்டோ என்று மட்டும் நோக்கி, ஒப்பமிட்டுக் கொடுத்தோம்.

பணம் சேர்ந்தது, சேர்ட்டுகளும் வந்தன. பொதியைப் பிரித்தபோது வெண்டாமரையைக் காணோம்! மெல்லிய பொன்னிறக் கோடுகளுக்கிடையே துணியின் கருநீலமே இதழ்களாகி நின்றது. “ஐயா, கலைமகள் இம்முறை நீலோற்பலத்தில் எழுந்தருளிவிட்டாள்” என்று ஒரு குறும்பன் கூற, வகுப்பே நகைத்தது. வரைந்தவன் மாத்திரம் நகைக்கவில்லை. பணம் கொடுத்தோர் அனைவரின் கண்களும் அவன்மீதே இருந்தன.

அச்சகத்தார் பிழை செய்தனர் என்றே முதலில் எண்ணினோம். ஆனால் அச்சகத்துப் பெரியவர் அமைதியாகச் சொன்னார்: “தம்பி, நீர் தந்த படத்தில் வெள்ளையே இல்லையே.”

நடந்தது இதுதான். மாணவன் முதலில் வரைந்த படத்தின் பின்னணி முழுவதும் வெள்ளையாக இருந்தது. அதனை அப்படியே கொடுத்தால், படத்தைச் சுற்றி ஒரு வெள்ளைச் சதுரமும் சேர்ட்டில் பதியும் என நண்பனொருவன் எச்சரித்தான். அவ்வெச்சரிக்கை சரியானதே. உடனே மாணவன், படத்திலுள்ள வெள்ளை முழுவதையும் நீக்குமாறு கணினிக்கு ஆணையிட்டான். பின்னணி வெள்ளை வேறு, இதழின் வெள்ளை வேறு என்பதைக் கணினி அறியுமா? இரண்டையும் நீக்கிவிட்டது. இதழ்கள் இருந்த இடத்தில் துளைகளே எஞ்சின. அவற்றை வெள்ளைத்தாளில் அச்சிட்டபோது, துளைகளினூடே தாளின் வெண்மை தெரிந்தது. அதனையே நாம் தாமரை என்று எண்ணி மகிழ்ந்தோம்.

இங்கே நாம் அறியவேண்டிய உண்மை ஒன்றுண்டு. புத்தகத்தில் நாம் காணும் வெண்மை பெரும்பாலும் அச்சிடப்பட்டதன்று. மை படாது விடப்பட்ட தாளே அது. கரும்பலகையிலோ நிலைமை நேர்மாறு. அங்கே வெண்மை வேண்டுமாயின் வெண்கட்டியால் தீட்டியேயாக வேண்டும். நிறச் சேர்ட் என்பது கரும்பலகை போன்றது, தாளைப் போன்றதன்று.

ஏனைய நிறங்களுக்கும் இதனாற் சிக்கல் உண்டு. வண்ணப்படங்களை அச்சிட உதவும் சியான், மெஜந்தா, மஞ்சள் ஆகிய மைகள் ஒளியை ஊடுகாட்டுபவை. ஒளி அவற்றினூடே சென்று, கீழுள்ள வெள்ளைத்தாளிற் பட்டுத் திரும்பிவரும்போதே நிறம் நம் கண்ணுக்குப் புலனாகிறது. கருநீலத் துணியிலிருந்து திரும்பிவரும் ஒளி மிகச் சொற்பம். ஆகவே அங்கே மஞ்சளும் மங்கி மறையும். இதற்காகவே, திரையச்சு முறையில் முதலில் வெள்ளை மையை அடித்தளமாக இட்டு, வெப்பத்தால் சற்றே உலர்த்தி, அதன்மேல் ஏனைய நிறங்களை ஒவ்வொன்றாக இடுவர். அடித்தள வெள்ளை ஓரங்களில் எட்டிப்பாராதிருக்க, அதன் விளிம்பை மயிரிழையளவு உள்ளே ஒடுக்கியும் விடுவர். துணியில் நேரே மையைத் தூவும் புதிய பொறிகளும் நிறத் துணிக்கு இவ்வாறே முதலில் வெள்ளையைத் தூவுகின்றன.

அவ்வெள்ளை மைக்கு உயிர்நாடி தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்னும் பொருள். அதன் ஒரு வடிவமாகிய ரூற்றைலின் முறிவுச்சுட்டி ஏறத்தாழ 2.7, வைரத்தினதோ 2.4 மட்டுமே. எனவே அதன் நுண்டுகள்கள் தம்மீது படும் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடித்து, கீழுள்ள நிறத்தை மறைத்துவிடுகின்றன. இதன் மூலப்பொருளைத் தேடி நாம் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கடற்கரையிலே இல்மனைற்று, ரூற்றைல் ஆகிய கனிமங்கள் மணலோடு மணலாய்க் கலந்து கிடக்கின்றன. கரிய இல்மனைற்று மணலிலிருந்து தூய வெண்ணிறம் பிறப்பது இயற்கையின் விந்தையன்றோ!

துணியில் வெண்மை பெற மூன்று வழிகள் உள. உள்ள வெண்மையைக் காப்பது ஒன்று. நம் நாட்டுப் பற்றிக் கலைஞர் வெள்ளைத் துணியில் மெழுகிட்டுச் சாயம் புகாது தடுப்பது இவ்வகை. இல்லாத வெண்மையை இடுவது மற்றொன்று. மேலே கூறிய வெள்ளை மை இவ்வகை. ஏறிய சாயத்தை நீக்குவது மூன்றாவது. தக்க சாயமேற்றிய பருத்தித் துணியில் ஒருவகை இரசாயனப் பசையை அச்சிட்டு வெப்பமூட்ட, அவ்விடத்துச் சாயம் மட்டும் அழியும். ஆயினும் பளிச்சென்ற வெண்மை அதிற் கிட்டாது. பருத்தியின் இயல்பான மங்கல் நிறமே வெளிப்படும்.

விளையாட்டணியினர் விரும்பும் பொலியெஸ்ரர் துணியில் இன்னுமோர் இடர் உண்டு. மையை உறுதிப்படுத்த ஏறத்தாழ 160 பாகை செல்சியஸ் வரை சூடேற்றுவது வழக்கம். அவ்வெப்பத்தில் துணியின் சாயம் ஆவியாகி மேலெழுந்து வெள்ளையிற் கலக்கும். சிவப்புச் சேர்ட்டில் இட்ட வெள்ளை எழுத்து, நாட்செல்ல இளஞ்சிவப்பாவது இதனாலேயே. இதற்கெனக் குறைந்த வெப்பத்தில் இறுகும் மைகளும், சாயத்தைத் தடுக்கும் அடித்தள மைகளும் உள்ளன.

சேர்ட் அச்சிட எண்ணும் மாணவர்க்குச் சில சொல்வோம். ஜேபெக் வகைக் கோப்பில் ஊடுகாட்டும் இடம் என ஒன்றைக் குறிக்க இயலாது. பிஎன்ஜி வகையில் இயலும். எந்த வெள்ளை வேண்டும், எந்த வெள்ளை வேண்டாம் என்பதை நீங்களே பிரித்து, வேண்டாததை மட்டும் நீக்குங்கள். நிழல், ஒளிவட்டம் போன்ற ஒளிகசியும் பகுதிகளைக் கூடியவரை தவிருங்கள். அவற்றின் கீழே வெள்ளை அடித்தளம் சேரின் சாம்பல் பூத்தாற்போலத் தோன்றும். படத்தைச் சேர்ட்டின் நிறத்தையே பின்னணியாக வைத்துப் பாருங்கள். யாவற்றிற்கும் மேலாக, ஒரே ஒரு சேர்ட்டை முதலில் அச்சிட்டுக் கண்டபின் ஏனையவற்றுக்குச் சம்மதம் சொல்லுங்கள்.

இவ்வறிவுரை, முன்னரே சொல்லியிருக்க வேண்டிய வேளையில் எம் வாயிலிருந்து வரவில்லை. தாளின் வெண்மையைத் தாமரையின் வெண்மை என நம்பியது அம்மாணவன் மட்டுமன்று, நாமுந்தான். அவனுக்கு வயது பதினெட்டு. எமக்கோ நாற்பது கடந்துவிட்டது. ஒப்பம் என்பது பொறுப்பை ஏற்றலன்றோ? மறுநாள் வகுப்பின்முன் நின்று, “படம் வரைந்தவன் அவன், பார்த்துச் சரியென்றவர் நாம். பிழையிற் பெரும்பங்கு எம்முடையது” என்றோம். வகுப்பு அமைதியாயிற்று. பின்வாங்கிலிருந்த அந்தக் குறும்பனே எழுந்து, தோழனின் அருகிற் போய் அமர்ந்தான்.

60 சேர்ட்டுகளுள் ஒன்று எமக்கென அளிக்கப்பட்டிருந்தது. விழாவன்று வேட்டியின்மேல் அதனையே அணிந்து சென்றோம். வாயிலில் சந்தனக் கிண்ணத்துடன் நின்ற அம்மாணவன் எம்மை ஏறிட்டு நோக்கி, அன்றுதான் முதன்முறையாகச் சிரித்தான். அவன் நெஞ்சிலும் ஒரு நீலத்தாமரை இருந்தது.