அப்பாவுக்கு ஒரு புத்தகம்

அப்பாவின் எண்பதாவது பிறந்த நாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது முகலாயர் காலத்தைப் பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகம். வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம், விலையும் அதற்கேற்றபடி. புரட்டிப் பார்த்துவிட்டு, "படமெல்லாம் ஜோரா இருக்குடா. கையிலதான் பிடிக்க முடியலை" என்றார். அன்று முதல் அது எங்கள் கரோல்பாக் வீட்டுக் கூடத்தில் விருந்தாளிகளுக்காகக் கிடக்கிறது. அப்பாவோ கும்பகோணத்திலிருந்து கொண்டுவந்த சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திர'த்தையே பூதக்கண்ணாடி வைத்து மறுபடி படித்துக்கொண்டிருந்தார்.

நம்மில் பலர் செய்யும் தவறுதான் இது. 'அப்பாவுக்குச் சரித்திரம் பிடிக்கும்' என்பதோடு நம் விசாரணை முடிந்துவிடுகிறது. எந்த ஊர்ச் சரித்திரம், எந்த மொழியில், எழுத்து கண்ணுக்குத் தெரியுமா, சாய்வு நாற்காலியில் மடியில் வைத்துப் படிக்கிற கனமா என்றெல்லாம் யோசிப்பதில்லை. அவசரத்துக்கு 'பொன்னியின் செல்வன்' வாங்குகிறவர்களும் உண்டு. 1950 முதல் 1954 வரை அது தொடராக வந்தபோது வாராவாரம் கிழித்துத் தைத்து வைத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அதையே மறுபடி கொடுப்பானேன்? தவிர, கதை கேட்கும் அப்பாக்கள் வேறு, ஆதாரம் கேட்கும் அப்பாக்கள் வேறு. என் அப்பா அடிக்குறிப்பை முதலில் படிக்கிற ஜாதி.

அடுத்த முறை கொஞ்சம் விசாரித்து, ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் ஒரே ஒரு தொகுதி வாங்கினேன். பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸிடம் துபாஷியாக இருந்தவர். 1736-ல் தொடங்கி, 1761-ல் காலமாகும் வரை எழுதியிருக்கிறார். கப்பல் வந்தது, சரக்கு விற்றது, யார் யாரைப் பற்றிக் கோள் சொன்னது, 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தது, எல்லாம் அன்றைய பேச்சுத் தமிழில். மூன்றாம் நாள் அப்பா ஆபீசுக்கே போன் செய்தார். என்னவோ ஏதோ என்று பதறி எடுத்தால், "புதுச்சேரிக்கு இன்னிக்குக் கப்பல் வந்துடுத்துடா!"

முழு வரிசையையும் ஒரேயடியாக வாங்கிக் கொட்டாதீர்கள் என்பேன். ஒன்று முடிந்து அடுத்தது வாங்கும்போதுதான் 'எது வரைக்கும் வந்தது?' என்று நாம் கேட்கிறோம். அந்தக் கேள்விக்காகத்தான் அவர்கள் காத்திருக்கிறார்கள்.

என் மகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இதே நாட்குறிப்பை அன்றைய சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளியிட்டது. கணினியில் கிடைக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தாத்தா தமிழில் வாசிக்க, அவள் ஆங்கிலத்தைப் பார்த்துக்கொண்டே வருவாள். ஒரு சொல்லுக்கு அர்த்தம் சரியா தப்பா என்று இருவருக்கும் சண்டை. டில்லிக்கு வந்த நாலு வருஷத்தில் அப்பா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

இப்போது அடுத்த தொகுதி வேண்டுமாம். கனம் பார்த்து வாங்கும்படி பேத்தியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.