மாமியின் குரல் எங்கே?

மூன்று மாதத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காப்பி டம்ளரைக் கையில் எடுத்துக் கொண்டு பேப்பரைப் பிரித்தேனோ இல்லையோ, பக்கத்து வீட்டு மாமி வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் செல்போன். முகத்தில் கடுகு வெடித்தது.

"ஏண்டியம்மா, நீ பத்திரிகையிலேதானே இருக்கே? இந்த அநியாயத்தை எல்லாம் எழுதக் கூடாதோ?"

"உட்காருங்கள் மாமி. என்ன அநியாயம்?"

"குழந்தை ஓடின படத்தை ஊமையாக்கிட்டாடி!"

சங்கதி இதுதான். மாமியின் பேத்தி எட்டாவது படிக்கிறாள். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் 800 மீட்டர் ஓட்டம். மைதானத்தைச் சுற்றி இரண்டு சுற்று. முதல் சுற்றில் ஐந்தாவதாக வந்து கொண்டிருந்த பெண், கடைசி வளைவில் மூன்று பேரைத் தாண்டி இரண்டாவதாக வந்து விட்டாள். அத்தனையையும் மாமி தன் கையாலேயே செல்போனில் படம் பிடித்திருந்தாள். மாமியின் பிள்ளைக்கு மஸ்கட்டில் உத்தியோகம். பெண் ஓடியதை அவன் பார்க்க வேண்டாமா?

மாமியின் தங்கை பேரன் காலேஜில் படிக்கிறவன். "இப்படியே அனுப்பினால் சப்பென்று இருக்கும் பாட்டி" என்று சொல்லி, படத்தை வெட்டி ஒட்டி, அப்போதுதான் வெளிவந்திருந்த ஒரு சினிமாப் பாட்டை அதில் சேர்த்து, ஊர் உலகமெல்லாம் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றி விட்டான். பாட்டின் தாளத்துக்குச் சரியாகக் குழந்தையின் கால் விழுந்ததாம். பிரமாதமாக இருந்ததாம். மறுநாள் மஸ்கட்டில் பிள்ளை படத்தைத் திறந்தால், பெண் ஓடுகிறாள்; சத்தம் மட்டும் இல்லை. கீழே ஒரு அறிவிப்பு: இந்தப் பாட்டுக்கு உரிமையாளர் ஒருவர் இருக்கிறார், ஆகையால் ஒலி நிறுத்தப்பட்டிருக்கிறது.

"நாங்க என்ன டிக்கெட் போட்டா காட்டினோம்? ஒரு தம்பிடி சம்பாதிச்சோமா? அதே பாட்டை அன்னிக்கு மைதானத்திலே லவுட்ஸ்பீக்கர் வெச்சு ஊரைக் கூட்டிப் போட்டாளே, அவாளை ஒருத்தரும் கேட்கலையே?"

நியாயமான கேள்விதான். உங்களில் எத்தனை பேர் வீட்டில் இதே கேள்வி எழுந்திருக்கும்! பிள்ளையின் கிரிக்கெட் சிக்ஸர், பெண்ணின் நீச்சல் பந்தயம், பேரனின் முதல் ஸ்கேட்டிங். எதைப் படம் பிடித்தாலும் ஒரு பாட்டைச் சேர்க்காமல் இப்போது யாரும் விடுவதில்லையே! ஆகவே மாமிக்குப் பதில் சொல்வதற்காகச் சட்டத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன். பார்த்ததை நேயர்களோடும் பகிர்ந்து கொள்கிறேன்.

சினிமாப் பாட்டு ஒன்று என்று நாம் நினைக்கிறோம். சட்டத்தின் கண்ணுக்கு அது மூன்று. வார்த்தைகள் ஒன்று, மெட்டு ஒன்று, இரண்டையும் சேர்த்துப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு ஒன்று. மூன்றுக்கும் தனித்தனியே உரிமை உண்டு. நம் நாட்டின் 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, வார்த்தைக்கும் மெட்டுக்கும் அதை ஆக்கியவரின் ஆயுளும் அதற்கு மேல் 60 வருஷமும் பாதுகாப்பு. ஒலிப்பதிவுக்கு, வெளியான வருஷத்தை விட்டு அடுத்த வருஷம் முதல் 60 வருஷம்.

ஓர் உதாரணம் பாருங்கள். 1964-ல் வெளிவந்த ஒரு படம். பாட்டு கண்ணதாசன், மெட்டு எம்.எஸ். விசுவநாதன் என்று வைத்துக் கொள்வோம். ஒலிப்பதிவின் 60 வருஷம் 2024-ம் ஆண்டோடு தீர்ந்து விட்டது. "சரி, பழைய பாட்டுத்தானே" என்று எடுத்துப் போட்டு விடலாமா? கூடாது. கவியரசர் காலமானது 1981-ல். வார்த்தைகளுக்கு 2041 முடிய உரிமை இருக்கிறது. மெல்லிசை மன்னர் காலமானது 2015-ல். மெட்டுக்கு 2075 முடிய! பாட்டி காலத்துப் பாட்டு என்றாலும் பேத்தி காலம் வரை அதற்குச் சொந்தக்காரர் உண்டு.

மாமி விடவில்லை. "அப்படின்னா பள்ளிக்கூடத்திலே போட்டது மட்டும் எப்படி?"

அதற்கும் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. பள்ளிக்கூடம் நடத்தும் நிகழ்ச்சியில், கேட்பவர்கள் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர்கள், அதோடு சம்பந்தப்பட்டவர்கள் மட்டும் என்றால், பாட்டு ரிக்கார்டு போடலாம் என்று ஒரு விதிவிலக்கு. கல்யாண ஊர்வலத்துக்கும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கும் இப்படி ஒரு சலுகை உண்டு. சொந்த உபயோகத்துக்கும் இடம் உண்டு. பேத்தி ஓடிய படத்தில் பாட்டைச் சேர்த்து, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து குடும்பத்தோடு பார்த்தால் ஒருவரும் வந்து கதவைத் தட்டப் போவதில்லை. ஆனால் அதையே இணையத்தில் ஏற்றினால், அது கூடம் இல்லை, நாற்சந்தி. அங்கே சலுகை செல்லாது. வாசலில் போட்ட கோலம் நம்முடையது. அடுத்த வீட்டுக்காரர் ரேடியோவைத் தூக்கிக் கொண்டு போய் நாற்சந்தியில் வைப்பதற்கு அவரைக் கேட்க வேண்டாமா?

"டிக்கெட் போடவில்லையே" என்றாள் மாமி. காசு வாங்காததால் மட்டும் அனுமதி கிடைத்து விடுவதில்லை. "உரிமை இன்னாருக்கே" என்று கீழே நன்றி எழுதி வைத்தாலும் போதாது. 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் தப்பில்லை என்று ஒரு வதந்தி உலவுகிறது. நம் சட்டத்தில் அப்படி ஒரு கணக்குக் கிடையாது.

சரி, கோடிக்கணக்கான படங்களுக்கு நடுவில் மாம்பலத்துப் பேத்தியின் படத்தை யார் கண்டு பிடித்தார்கள்? ஆள் யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. இயந்திரம் பார்க்கிறது. யூடியூபில் 2007-லிருந்து 'கன்டென்ட் ஐடி' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. உரிமையாளர்கள் தங்கள் பாட்டுக்களை அதனிடம் கொடுத்து வைக்கிறார்கள். மனிதனுக்குக் கைரேகை போலப் பாட்டுக்கும் ஒரு ரேகை எடுத்து வைத்துக் கொண்டு, ஏறுகிற ஒவ்வொரு படத்தோடும் அது ஒத்துப் பார்க்கிறது. ஒத்துப் போனால், படத்தை நிறுத்துவதா, விளம்பரம் போட்டு வரும்படியை எடுத்துக் கொள்வதா, சும்மா கணக்கு மட்டும் வைத்துக் கொள்வதா என்பது உரிமையாளர் இஷ்டம். இதற்காக யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை, பயப்பட வேண்டாம். ஆனால் உரிமையாளரே முறைப்படி புகார் கொடுத்துப் படத்தை எடுக்கச் சொன்னால் அது 'ஸ்டிரைக்'. 90 நாளுக்குள் மூன்று ஸ்டிரைக் விழுந்தால், அந்தக் கணக்கையே மூடி விடலாம். குழந்தை பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்த படமெல்லாம் அதோடு போயிற்று!

இயந்திரத்துக்குத் தாட்சண்யம் கிடையாது. மைதானத்தில் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று நீங்கள் படம் பிடித்தால், பின்னணியில் தானாக விழுந்த பாட்டையும் அது பிடித்துக் கொள்ளும்.

எல்லாம் உரிமையாளர் பக்கமே நியாயம் என்றும் நான் சொல்ல வரவில்லை. 2007-ல் அமெரிக்காவில் ஒரு தாய், தன் குழந்தை சமையலறையில் பிரின்ஸ் என்ற பாடகரின் பாட்டுக்கு ஆடுவதை 29 விநாடி படம் பிடித்துப் போட்டாள். கம்பெனி அதை நீக்கச் சொல்லி விட்டது. அந்த அம்மாள் சும்மா இருக்கவில்லை, கோர்ட்டுக்குப் போனாள். நியாயமான உபயோகமா என்று யோசித்துப் பார்க்காமல் நீக்கச் சொல்லக் கூடாது என்று 2015-ல் அப்பீல் கோர்ட்டு சொல்லிற்று. ஆனால் அது அந்த நாட்டுச் சட்டம். அதிலும், பின்னணியில் ஓடும் பாட்டுக்குக் குழந்தை ஆடுவது வேறு. நாமே தேடி எடுத்து ஒட்டுவது வேறு.

பெரிய இடங்களும் இதில் தப்பவில்லை. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துக் குழுக்களில் 14-ன் மீது, சமூக வலைத்தளப் படங்களில் அனுமதியில்லாமல் பாட்டைச் சேர்த்ததாக இசை வெளியீட்டாளர்கள் 2024 ஜூலையில் வழக்குப் போட்டார்கள். 2025 மார்ச்சில், தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மீது, விளையாட்டுப் படங்களுக்காக ஸோனி மியூஸிக் வழக்குத் தொடர்ந்தது. லட்ச லட்சமாகப் பணம் புரளும் இடம் அது. உங்கள் பிள்ளை போகும் கிரிக்கெட் கோச்சிங் வகுப்பு, சேர்க்கைக்கு விளம்பரமாகப் படம் போட்டால் அதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இன்ஸ்டாகிராம் தருகிற சினிமாப் பாட்டு வீட்டுக்காரர்களுக்கு; வியாபாரக் கணக்குக்கு அதெல்லாம் பெரும்பாலும் கிடைக்காது. அங்கே எடுத்த பாட்டை வேறு தளத்தில் கொண்டு போய்ப் போடவும் அனுமதி கிடையாது.

"பாட்டு எழுதினவா எல்லாம் காரிலேதானே போறா? நம்ம குழந்தை படத்திலே என்ன குறைஞ்சுடும்?" என்று மாமி கடைசி அஸ்திரத்தை விட்டாள்.

எல்லோரும் காரில் போகவில்லை, மாமி! படத் தயாரிப்பாளர் காசு கொடுத்து எழுதச் சொன்னால் பாட்டின் உரிமை அவருக்கே என்று 1977-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருந்தது. பாட்டு பட்டி தொட்டியெல்லாம் ஒலித்தாலும், எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ஒரு முறை வாங்கிய தொகையோடு சரி. 2012-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். தியேட்டரில் படத்தோடு ஓடுவது போக, வேறு எங்கே பாட்டு உபயோகப்பட்டாலும் ராயல்டியில் அவர்களுக்கும் பங்கு உண்டு. எழுதிக் கொடுத்தாலும் அந்தப் பங்கு கை மாறாது என்று ஆயிற்று. கவிஞர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும் அல்லவா?

பாட்டை எல்லோருக்கும் பொதுவாக்கிய பெருமையும் நம் ஊருக்கு உண்டு. பாரதியாரின் பாடல்களை ரிக்கார்டிலும் சினிமாவிலும் உபயோகிக்கும் உரிமை, விலைக்கு வாங்கிய ஏவி. மெய்யப்ப செட்டியாரிடம் இருந்தது. 1947-ல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்களை நம் பாட்டிமார் மறந்திருக்க மாட்டார்கள். அந்த உரிமையைச் செட்டியார் பணம் வாங்காமலே விட்டுக் கொடுத்தார். 1949-ல் சென்னை அரசாங்கம் பாரதி நூல்களின் உரிமையை வாங்கியது. பிற்பாடு அதை ஜனங்களுக்கே பொதுவாக்கி விட்டது. ஆகையால் உங்கள் பெண் பாரதி பாட்டைத் தன் சொந்தக் குரலில், சொந்த மெட்டில் பாடிப் படத்தோடு சேர்க்கலாம். யாரும் கேட்க முடியாது. 1847-ல் மறைந்த தியாகராஜ சுவாமிகளின் கிருதியை வீட்டு வீணையில் வாசித்துச் சேர்க்கலாம். வித்துவான் ஒருவரின் ரிக்கார்டை எடுத்துப் போடத்தான் கூடாது. அதுவும் வேண்டாம் என்றால், யூடியூபிலேயே 'ஆடியோ லைப்ரரி' என்று இலவச இசை வைத்திருக்கிறார்கள். நிபந்தனையைப் படித்துப் பார்த்து எடுத்துக் கொள்ளலாம்.

இவ்வளவும் சொல்லி முடித்தேன். மாமி அரை மனதாக எழுந்தாள். அந்தச் சமயம் மஸ்கட்டிலிருந்து பிள்ளை கூப்பிட்டான். மாமி அவனிடமும் ஆரம்பித்தாள், அவன் இடைமறித்தான்.

"பாட்டு போனாப் போறதும்மா. கடைசி வளைவிலே நீ மைதானமே திரும்பிப் பார்க்கிறாப் போலே கத்தினியாமே? குழந்தை சொன்னாள். உன் குரல் கேட்டுத்தான் ஓடினாளாம். எனக்கு அதைக் கேட்கணும். அந்தப் படத்தை அனுப்பேன்."

மாமியின் முகம் மாறி விட்டது. பாட்டைச் சேர்த்தபோது தங்கை பேரன், மைதானத்துச் சத்தத்தை முழுக்க எடுத்து விட்டிருந்தான். செல்போனில் இடமில்லை என்று அசல் படத்தையும் அழித்தாயிற்று. வாசலில் காய்கறிக்காரனைக் கூடக் கூச்சப்பட்டு மெல்லக் கூப்பிடுகிறவள் மாமி. அறுபத்தெட்டு வயதில் ஒரே ஒரு நாள், ஊர் பார்க்க, "ஓடுடி கண்ணு, விடாதேடி!" என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். பாட்டை உரிமைக்காரர் எடுத்துக் கொண்டார். மாமியின் குரலை எடுத்தது யார்? நாமேதான்.

சகோதரிகளே, சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அசல் படத்தை, அசல் சத்தத்தோடு, தனியாக ஓரிடத்தில் பத்திரப்படுத்தி விட்டு மற்ற வேலையைப் பாருங்கள். சினிமாப் பாட்டு இன்னும் நூறு இடத்தில் கிடைக்கும். விசில் சத்தமும், மாஸ்டரின் அதட்டலும், தோழிகளின் கைதட்டலும், வீட்டுப் பெரியவர்களின் குரலும் கடையில் கிடைக்குமா? அவற்றுக்கு ஒரே உரிமையாளர் நீங்கள்தான்.

போன வாரம் பேத்திக்கு இன்னொரு பந்தயம். மாமி ஸ்பீக்கருக்கு எட்டவே நின்று படம் பிடித்தாள். குழந்தை இந்தத் தடவை நான்காவது. படத்தில் பாட்டு இல்லை. கை நடுங்கியதில் பாதி நேரம் வானமும் வேப்ப மரமுமாகத் தெரிகிறது. ஆனால் கடைசி வளைவில் ஒரு குரல், செல்போனே அதிரும்படி!

பிள்ளை அதை மூன்று தடவை போட்டுக் கேட்டானாம்.

"வெட்கமா இருக்குடி" என்றாள் மாமி. சொல்லி விட்டு, எனக்கும் ஒரு தடவை போட்டுக் காட்டினாள்.