யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

போர்க்காலத்தில் ஆட்சியைக் கேலி செய்தால் இன்று 'தேசவிரோதி' என்பார்கள். 2,400 ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸ் நகரில் அரிஸ்டோபனீஸ் அதைத்தான் செய்தார். கி.மு. 431 முதல் 404 வரை ஏதென்சும் ஸ்பார்ட்டாவும் மோதிக்கொண்டன. கி.மு. 425இல் அரங்கேறிய 'அக்கார்னியர்கள்' நாடகத்தில் ஒரு விவசாயி, அரசு சமாதானம் பேசாததால், தன் குடும்பத்துக்கு மட்டும் எதிரியோடு தனி ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறான். கி.மு. 411இல் வந்த 'லைசிஸ்ட்ராட்டா'வில், போர் நிற்கும்வரை கணவர்களை நெருங்கவிட மாட்டோம் என்று இரு தரப்புப் பெண்களும் சபதம் எடுக்கிறார்கள். போருக்குக் காசு போகாமல் கருவூலத்தையும் கைப்பற்றுகிறார்கள்.

கி.மு. 424இல் வந்த 'குதிரை வீரர்கள்' இன்னும் துணிச்சலானது. அதில் மக்கள்தான் 'டெமோஸ்' என்ற கிழட்டு எசமான். முகத்துதிக்கு மயங்கி வேலைக்காரனிடம் ஏமாறுகிறார். அந்த வேலைக்காரன் வேறு யாருமல்ல, போரை நீட்டித்த தலைவர் கிளியோன். ஏதென்ஸ் அதற்கு முதல் பரிசு கொடுத்தது.

இதுவரை எனக்குக் கைதட்டத் தோன்றுகிறது. அடுத்த இடத்தில் கை நிற்கிறது.

கிளியோனின் குடும்பத் தொழில் தோல் பதனிடுவது. அவர் ஏழையல்லர், வசதியானவர்தான். ஆனால் நாடகம் அவருடைய போர் வெறியோடு நிற்காமல், தோலையும் அதன் நாற்றத்தையும் பிடித்துக்கொள்கிறது. அவரை வீழ்த்த வருபவன் தெருவில் இறைச்சி விற்பவன். இவனெல்லாம் ஆள வந்துவிட்டானே என்பதுதான் அங்கே நகைச்சுவை.

இந்த இளக்காரம் நமக்குப் புதிதா? நான் வசிக்கும் தல்லாகுளத்திலிருந்து மேலவளவு தொலைவில் இல்லை. தனித்தொகுதியான அந்த ஊராட்சிக்குத் தலைவரான முருகேசனும் ஐந்து தோழர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தலே கேலிக்கூத்தானது. வேட்புமனுவே இருக்காது, யாராவது ஜெயித்தாலும் உடனே ராஜினாமா செய்யவைப்பார்கள். 2006இல்தான் முறையான தேர்தல் நடந்தது. ஜனநாயகத்தைப் பகடி செய்ய இதைவிடக் கதை வேண்டுமா? ஆனால் அந்தப் பகடி நாற்காலியில் உட்கார வந்தவரைப் பார்த்துச் சிரிக்குமா, நாற்காலியைப் பறித்தவரைப் பார்த்துச் சிரிக்குமா?

பதில் திருமங்கலத்தில் இருக்கிறது. அங்கே வாழ்ந்த நாடகக் கலைஞர் விசுவநாததாஸ் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர். சாதியைச் சொல்லி அவரோடு மேடையேற மறுத்த நடிகைகள் உண்டு. அவரோ 'வள்ளி திருமணம்' நடுவே வெள்ளையரைக் கொக்காக்கி நையாண்டிப் பாட்டுப் பாடினார். பலமுறை சிறை போனார். 1940இல் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் பிரிந்தது. தன்னைத் தீண்டாத ஊருக்காகவும் சேர்த்து அவர் அதிகாரத்தைக் கேலி செய்தார். எவர் தொழிலையும் கேலி செய்து அவர் கைதட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை.

வீதி நாடகம் போடும், மீம்ஸ் போடும் தோழர்களே, அரிஸ்டோபனீசின் துணிச்சலை எடுத்துக்கொள்வோம். டீ விற்றதை, மாடு மேய்த்ததை, படிக்காததை வைத்து எந்தத் தலைவரையும் கிண்டலடிக்க வேண்டாம். அவர் போட்ட சட்டமும் நடத்திய கலவரமும் போதும். நம் நகைச்சுவை அவரைத் தாண்டி, அதே வேலையைச் செய்யும் நம் ஆட்கள் மேல் விழக் கூடாது.